கைரேகையில் திறக்கும் பூட்டு: வாங்கலாமா, வேண்டாமா? திண்டுக்கல் பட்டறை சொல்லும் பதில்

வடமதுரையில் இருக்கும் சொந்தக்கார அக்கா ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு ரீல்ஸ் அனுப்பினார். சாவித் துவாரமே இல்லாத ஒரு பூட்டு. சுற்றி நீல நிற ஒளி வளையம். விரல் வைத்தால் திறக்கிறது. வேறு யாராவது தொட்டால் அவர் முகத்தைப் படம் எடுத்து நம் போனுக்கு அனுப்புகிறது. கூடவே அக்காவின் வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, இது நல்லா இருக்குமாடா? நானும் மாமாவும் மில்லுல ஆளுக்கொரு ஷிஃப்ட். சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்து குடுத்து சலிச்சுப் போச்சு."

வீடியோவை இரண்டு முறை பார்த்த பிறகுதான் புரிந்தது. அது நிஜப் பூட்டு இல்லை. கம்ப்யூட்டரில் வரைந்த படம். அப்படி ஒரு பொருள் கடையில் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வி வந்தது வடமதுரையில் இருந்து. அங்கிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் திண்டுக்கல். 'பூட்டு நகரம்' என்றே பெயர் எடுத்த ஊர். வினோதமான பூட்டுகளை யோசிப்பதில் அந்த ஊரை மிஞ்ச இன்றைய டிசைனர்களுக்கே கொஞ்சம் கஷ்டம்தான்.

அப்படியென்றால் இந்த 'எதிர்காலப் பொருட்களை' நம்பலாமா? விரிவாகப் பார்ப்போம்.

கான்செப்ட் டிசைன் என்றால் என்ன?

'இப்படி ஒரு பொருள் இருந்தால் எப்படி இருக்கும்?' என்று காட்டும் மாதிரிதான் கான்செப்ட் டிசைன். கார் கம்பெனிகள் இதை வெகுகாலமாகச் செய்கின்றன. 1938-ல் அமெரிக்காவின் ப்யூக் உருவாக்கிய 'ஒய்-ஜாப்' காரைத்தான் உலகின் முதல் கான்செப்ட் கார் என்று பொதுவாகச் சொல்வார்கள். விற்பதற்காக அல்ல, மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்காகச் செய்த கார் அது.

இன்று காரை உருவாக்க வேண்டியதில்லை. ஒரு லேப்டாப் போதும். வளையும் போன், பறக்கும் குடை, பேசும் கண்ணாடி என்று எதை வேண்டுமானாலும் வரைந்து, நிஜம் போலவே வீடியோவாக்கலாம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், யோசனைக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அந்த வீடியோவில் தெரிவதில்லை.

2013-ல் நெதர்லாந்தின் டேவ் ஹாக்கன்ஸ் 'போன்பிளாக்ஸ்' என்ற யோசனையை வெளியிட்டார். கேமரா, பேட்டரி, ஸ்கிரீன் எல்லாம் தனித்தனிக் கட்டைகள். எது கெட்டுப்போகிறதோ அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இணையமே கொண்டாடியது. இதே பாதையில் கூகுள் 'புராஜெக்ட் ஆரா' என்ற திட்டத்தை நடத்தியது. கூகுளின் பணமும் ஆட்களும் இருந்தும், 2016-ல் அது கைவிடப்பட்டது.

ஸ்மார்ட் பூட்டுகள் நிஜத்தில் எப்படி?

ரீல்ஸ் பூட்டு படம்தான். ஆனால் கைரேகையிலும் ஆப்பிலும் திறக்கும் பூட்டுகள் நிஜமாகவே சந்தையில் உள்ளன. அவற்றின் வரலாற்றில் இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, கனடாவைச் சேர்ந்த 'டேப்லாக்'. கைரேகையில் திறக்கும் தொங்குபூட்டு. 'உடைக்கவே முடியாது' என்பது விளம்பரம். 2018-ல் ஒரு யூடியூபர் அதன் பின்பக்க மூடியைக் கழற்றி, சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறந்து காட்டினார். அதே ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் பூட்டைத் தொடாமலேயே இரண்டு விநாடிக்குள் திறந்தார்கள். எப்படி? பூட்டு தன்னுடைய புளூடூத் முகவரியை எப்போதும் காற்றில் அறிவித்துக்கொண்டே இருந்தது. திறக்கும் ரகசியக் குறியீடோ அந்த முகவரியில் இருந்தே உருவாக்கப்பட்டிருந்தது. கதவைப் பூட்டிவிட்டு, சாவியின் அச்சை வாசலில் ஒட்டிவைத்த மாதிரி! 2020-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்த விளம்பரத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது.

இரண்டாவது, அமெரிக்காவின் 'ஆட்டோ'. ஏறத்தாழ 700 டாலர் விலையில், அழகான டிசைனோடு 2017 ஆகஸ்டில் அறிமுகமான பூட்டு. வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன்பே, 2018 ஜனவரியில் கம்பெனியே நின்றுபோனது. கொஞ்சம் தாமதமாக நின்றிருந்தால்? வாங்கியவர்கள் வீட்டுக் கதவில் அப்டேட்டுக்கு ஆள் இல்லாத ஒரு பூட்டு தொங்கியிருக்கும்.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் 'ஹியூமேன் ஏ.ஐ. பின்' 2024-ல் 699 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2025 பிப்ரவரி 28-ல் கம்பெனி தன் சர்வரை நிறுத்தியது. அன்றோடு, அந்தக் கருவியில் இணையம் தேவைப்படும் வசதிகள் அத்தனையும் செத்துப்போயின. பொருள் கெடவில்லை. அதற்குப் பின்னால் இருந்தவர்கள்தான் போய்விட்டார்கள்.

திண்டுக்கல்லில் என்ன வித்தியாசம்?

திண்டுக்கல் பூட்டுத் தொழிலுக்கு 150 ஆண்டுகளுக்கு மேல் வயது. நாகல் நகர், நல்லாம்பட்டி பக்கம் போனால் இன்றும் பட்டறைகளில் அரம் ராவும் சத்தம் கேட்கும். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இங்கே உருவாகியிருக்கின்றன.

அதில் சில வகைகளைக் கேட்டால் ரீல்ஸ் தோற்றுவிடும். சாவியைத் திருப்பினால் மணி அடித்து வீட்டாரை எழுப்பும் மணிப்பூட்டு. ரகசியப் பொத்தானை அழுத்தினால்தான் சாவித் துவாரமே தெரியும் பூட்டு. கள்ளச் சாவி போடுகிறவன் கையைக் கத்தி பதம்பார்க்கும் பூட்டும் இருந்ததாக ஊரில் சொல்வார்கள்.

அதாவது, 'வேறு யாராவது தொட்டால் எச்சரிக்கை' என்ற ஐடியா புதுசே இல்லை. 1818-லேயே இங்கிலாந்தின் ஜெரமையா சப், தவறான சாவியைப் போட்டால் இறுகிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

இந்தப் பூட்டுகளின் உள்ளே இருப்பது 'லீவர்' எனப்படும் தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கும். எல்லாத் தகடுகளின் வெட்டும் ஒரே கோட்டில் வந்தால் மட்டும் தாழ் நகரும். ஒரு தகடு நூலளவு கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. லீவர் எண்ணிக்கை கூடக்கூட கள்ளச் சாவி போடுவது கஷ்டம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இதற்கு பேட்டரி, சர்வர், அப்டேட் எதுவும் வேண்டாம். பூட்டு மக்கர் செய்தால் பட்டறைக்கு எடுத்துப் போகலாம். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்த ஆள் அங்கே உட்கார்ந்திருப்பார்.

அப்படியானால் பழைய பூட்டே போதுமா?

அப்படிச் சொன்னால் அக்காவுக்கு நியாயம் செய்ததாகாது. அவர் பிரச்சினை திருடன் இல்லை. ஒரே சாவி, இரண்டு ஷிஃப்ட். பிள்ளை ஸ்கூலில் இருந்து சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வது? சாவி தொலைந்தால்? இந்தக் கேள்விகளுக்கு மாங்காய்ப் பூட்டிடம் பதில் இல்லை. ஆளுக்கொரு கைரேகை, வேண்டியவருக்கு மட்டும் ஒருநாள் குறியீடு என்று ஸ்மார்ட் பூட்டு ஒரு நிஜத் தேவையைத்தான் பிடித்திருக்கிறது.

திண்டுக்கல் பட்டறைகளும் சிக்கலில்தான் இருக்கின்றன. அலிகாரில் இயந்திரத்தில் செய்து வரும் பூட்டு விலை குறைவு. கையால் அரம் ராவிச் செய்யும் பூட்டு அந்த விலையோடு போட்டி போட முடியாது. உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லாததால் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போகிறது.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் அது காப்பாற்றுவது பெயரை மட்டும். வேறு ஊரில் செய்த பூட்டை 'திண்டுக்கல் பூட்டு' என்று விற்க முடியாது, அவ்வளவுதான். ஒரு தொழிலாளி நாளைக்குப் புதுமாதிரி பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் உள் இயக்கத்துக்குத் தனியாகக் காப்புரிமை வாங்க வேண்டும். அதற்கு 20 ஆண்டு பாதுகாப்பு. தோற்றத்துக்கு, 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அதற்கு முதலில் 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு.

ஒரு பட்டறைக்காரரால் இதெல்லாம் தனியாக முடியுமா? கஷ்டம். ஆனால் வழி இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. திருவண்ணாமலை பள்ளி மாணவியாக இருந்தபோது வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர்கள் கரியை எரிப்பதைப் பார்த்து, சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். மத்திய அரசின் தேசிய புத்தாக்க அறக்கட்டளை அதன் மாதிரியை உருவாக்க உதவியது. 2020-ல் ஸ்வீடனின் சிறார் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை வரை அந்த யோசனை போனது. வண்டி தெருவெங்கும் வந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அது படத்தோடு நிற்காமல் மாதிரி வரை போனதற்கு ஓர் அமைப்பின் கை தேவைப்பட்டது.

நாகல் நகர் பட்டறையும், பக்கத்தில் இருக்கும் இன்ஜினீயரிங் கல்லூரியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்? லீவர் பூட்டு கீழே அப்படியே இருக்க, அதன் மேல் கைரேகை வசதி. பேட்டரி தீர்ந்தால் சாவி. இது கான்செப்ட் வீடியோவை விட எளிமையான யோசனை. ஆனால் கெட்டால் சரிசெய்ய ஆள் ஊரிலேயே இருப்பார்.

வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

1. இது கடையில் இருக்கும் பொருளா, வெறும் வீடியோவா? முன்பதிவுக்குப் பணம் கேட்டால் இரண்டு மடங்கு யோசியுங்கள்.

2. பேட்டரி தீர்ந்தாலோ, நெட் இல்லாவிட்டாலோ எப்படித் திறக்கும்? நிஜச் சாவி உண்டா?

3. எத்தனை ஆண்டுக்கு அப்டேட் வரும்? பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இணையத்தோடு இணையும் பொருட்களை விற்கும் கம்பெனிகள் இதை வெளிப்படையாகச் சொல்வது கட்டாயம். இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

4. கெட்டால் யார் சரிசெய்வார்? மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. உங்கள் கம்பெனி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நாலு கேள்வியையும் அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "சரிடா. இப்போதைக்கு திண்டுக்கல்லுல குடுத்து இன்னும் ரெண்டு சாவி அடிச்சுக்கிறேன். சாவி இருக்கிற கைரேகைப் பூட்டு வந்தா சொல்லு."