கரோனாவுக்குப் பிந்தைய இணையவழி உடற்பயிற்சி: அறிவுரை மட்டும் போதுமா?

பெங்களூரு: கரோனாவிலிருந்து மீண்ட பிறகும் மூச்சுத்திணறலும் சோர்வும் நீடிப்பவர்களுக்கு, வீட்டிலிருந்தே இணையவழியில் மேற்கொள்ளும் உடற்பயிற்சி பயனளிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உள்ளது. எனினும், அந்தச் சான்று நிபுணரின் நேரடிக் கண்காணிப்புடன் கூடிய பயிற்சிக்கே பொருந்தும்.

பிரிட்டனின் வார்விக் பல்கலைக்கழகம் தலைமையிலான 'ரீகெயின்' ஆய்வு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2024 பிப்ரவரியில் வெளியானது. மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பி, மூன்று மாதங்களுக்குப் பின்னரும் பாதிப்பு நீடித்த 585 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரங்கள் குழு உடற்பயிற்சியும் மனநல ஆதரவும் அளிக்கப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு ஒரே ஒருமுறை இணையவழி ஆலோசனை வழங்கப்பட்டது. முதல் பிரிவினரின் வாழ்க்கைத் தரம் ஓரளவு கூடுதலாக மேம்பட்டது. அப்பலன் ஓராண்டுக்குப் பின்னரும் நீடித்தது. அதேநேரம், பயிற்சியை முழுமையாகப் பின்பற்றியவர்கள் பாதிக்கும் குறைவானோரே.

இந்தியாவில் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறை, யோகாசனம், மூச்சுப்பயிற்சி, தாங்கக்கூடிய வேகத்தில் நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. ஆனால், 'தாங்கக்கூடிய வேகம்' எது என்பதை நோயாளியே தீர்மானிக்க வேண்டியுள்ளது. சிலருக்குச் சிறிய உழைப்புக்குப் பின்னரும் சில மணி நேரம் அல்லது சில நாட்கள் கழித்துப் பாதிப்பு தீவிரமடையும் என உலக சுகாதார அமைப்பு எச்சரித்துள்ளது. அத்தகையோருக்குப் பயிற்சியை நாளுக்கு நாள் கூட்டுவது தீங்காகலாம்.

பெருந்தொற்றுக் காலத்தில் கரோனா சிகிச்சை அளித்த பௌரிங் அரசு மருத்துவமனை அமைந்துள்ள சிவாஜிநகர், இந்தச் சிக்கலை உணர்த்துகிறது. தமிழ், உருது, கன்னடம் பேசும் மக்கள் நெருங்கி வாழும் பகுதி இது. ரஸல் மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவருக்கு வேலையே கடும் உடலுழைப்பு. பயிற்சிக்கு வீட்டில் இடமும், தனிக் கைப்பேசியும், தாய்மொழியில் வழிகாட்டலும் தேவை.

நிர்வாகத் தடையும் உள்ளது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையும் மருத்துவர் ஆலோசனையை மையமாகக் கொண்டது. வாரந்தோறும் பயிற்சியைக் கவனித்து மாற்றியமைக்க வேண்டிய இயன்முறை சிகிச்சையாளருக்கு இவற்றில் உரிய இடம் வகுக்கப்படவில்லை.

எனவே, புதிய செயலியோ காணொலியோ மட்டும் தீர்வாகாது. திரையின் மறுபுறம் நோயாளியின் மூச்சைக் கவனித்து, 'இன்று இத்துடன் நிறுத்துங்கள்' என்று அவரது மொழியில் சொல்லும் ஒருவரை நியமிப்பதே முதல் தேவை.