ஹலோ... லைன்ல இருக்கீங்களா?

ஆபீஸ் மேஜை மேல் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறதே இன்டர்நெட் போன், அதை வெறும் போன் என்று நினைத்துவிடாதீர்கள் ஸார். உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் பேசுவதில் எது பேச்சு, எது வெறும் சத்தம் என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது.

சாதாரணமாக அது உங்கள் குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, 50 பொட்டலமாகக் கட்டி அனுப்பும். எதிராளி பேசும்போது நாம் சும்மாதானே இருக்கிறோம், அப்போது காலிப் பொட்டலம் எதற்கு? அதை நிறுத்திவைக்கிற வசதிக்குப் பெயர் வாய்ஸ் ஆக்டிவிட்டி டிடெக்ஷன். செல்லமாக வி.ஏ.டி.

பி.காம். படித்தவனுக்குச் சிக்கனம் என்றால் உயிர். ஆனால் இந்தச் சிக்கனத்தில் இரண்டு வம்பு இருக்கிறது.

ஒன்று, லைன் நிஜமாகவே நிசப்தமானால், "ஹலோ... இருக்கீங்களா?" என்று பதறிப்போகிறோம். அதனால் நம் போனே 'உஸ்ஸ்' என்று ஒரு பொய் இரைச்சலைத் தயாரித்து நம் காதில் விடுகிறது. கம்ஃபர்ட் நாய்ஸ்! மேலதிகாரி பேசும்போது நாம் நடுநடுவே போடுகிற 'எஸ் ஸார்' மாதிரி.

இரண்டாவதுதான் பெரிய வம்பு. மெல்லப் பேசுகிறவர்களின் பேச்சைப் பேச்சு என்றே இது ஒத்துக்கொள்வதில்லை. இது விழித்துக்கொள்வதற்குள் முதல் எழுத்து போயே போச்சு. நண்பர் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண்ணுக்கு சாந்தமான குரல். 'அறுபதாயிரம்' என்று சொன்னாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது 'பதாயிரம்'. பத்தாயிரத்துக்கு செக் வந்தது. "கொஞ்சம் வாயைத் திறந்து பேசும்மா" என்றார் மானேஜர். ஆளாளுக்கு அதையே சொல்ல, போன் மணி அடித்தாலே அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் சிஸ்டம்ஸ் பையன் வந்தான். போனின் ஐ.பி. நம்பரை பிரவுசரில் தட்டி, ஆடியோ செட்டிங்கைத் திறந்து, வி.ஏ.டி.க்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தான். இப்போது அறுபதாயிரம் அறுபதாயிரமாகவே போகிறது. ஒரு காலுக்கு ஆகிற செலவே ஒரு பக்கத்துக்கு 80, 90 கிலோபிட்தான். இன்றைய ஆபீஸ் லைனில் அது சில்லறைக் காசு. அதை மிச்சம் பிடிக்க ஒருத்தியின் வாயை அடைக்கணுமா?

அதே பக்கத்தில் இன்னும் சில சமாசாரங்கள் இருக்கும். ஏ.ஜி.சி. மெல்லிய குரலைத் தூக்கிவிடும். கூடவே ஃபேன் சத்தத்தையும் தூக்கும். நாய்ஸ் சப்ரஷனை ஏகத்துக்கும் ஏற்றினால், குரல் டிரம்முக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். எக்கோ கான்சலேஷனில் மட்டும் கை வைக்காதீர்கள். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்டால், கோளாறு பெரும்பாலும் எதிராளி பக்கம்தான். அவர் ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரலை அவர் மைக்கே பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. வால்யூமைக் குறைக்கச் சொல்லுங்கள், பாதி சரியாகிவிடும்.

எதை மாற்றினாலும் ஒன்றொன்றாக மாற்றி, யாரிடமாவது பேசிப் பாருங்கள். முக்கியமாக, உங்கள் ஆபீஸிலேயே மெல்லப் பேசுகிறவரைப் பேசவிட்டுப் பாருங்கள். அவர் குரல் முழுசாகக் கேட்டால் எல்லார் குரலும் கேட்கும்.

'மானேஜர் கத்தறாரே, அதைக் குறைக்க என்ன செட்டிங்?' என்கிறீர்களா? ரிசீவரைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடிக்கவும்.