இலையைப் பார்த்து விதையை வாங்குவோம்

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் பள்ளங்களிலுள்ள தேயிலைக் கொழுந்து கருகிவிடுகிறது. தேயிலை அந்நிய நாட்டுச் செடி, அதனால் கருகிற்று என்று சொல்லிவிடலாம். ஆனால், அங்கே திறந்த புல்வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகளும் அதே பனியில் மடிகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமோ தாங்கி நிற்கிறது. ஆகவே, நாட்டுப் பயிரெல்லாம் உறுதியானது, அந்நியப் பயிரெல்லாம் நலிந்தது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல இடமில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில் உறைபனி ஏது? நமக்கு வாய்த்த சோதனை வறட்சியும் தத்துப்பூச்சியுமே. விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசலில் பருத்தி விதைக்கும் அங்கத்தினர்கள் இதை நன்கறிவார்கள். நம் நாட்டினமான கருங்கண்ணியின் இலை விரல்களைப்போல் ஆழப் பிளந்தது. வேர் ஆழமாக இறங்கும். மழை குறைந்தாலும் ஓரளவு தாங்கும். தத்துப்பூச்சிக்கு எளிதில் இடங்கொடாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பக்கம் பரவிய கம்போடியாப் பருத்தியின் இலை அகன்றது. பூச்சி அதன் அடிப்புறத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சினால், இலையோரம் மஞ்சளித்துச் சுருண்டு சிவந்துவிடும். ஆயினும் அதன் இழை நீளமானது. ஆலைகள் நீள இழைக்கே நல்ல விலை தந்தன. கருங்கண்ணி அருகியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அந்நிய இனத்தையும் நாம் பழிப்பதற்கில்லை. அதிலேயே இலையில் மயிர் அடர்ந்த வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தபோது தத்துப்பூச்சியின் தொல்லை குறைந்தது. கோவில்பட்டியில் 1901-இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையம் இவ்விரு இனங்களிலும் நம் கரிசலுக்கேற்ற ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடத்தில் நாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சங்கத்தில், பையின் மேலிருந்த படத்தையும் வியாபாரியின் வாய்ச்சொல்லையும் நம்பி எல்லோரும் ஒரே விதையை வாங்கினார்கள். கார்த்திகை முடிவதற்குள் இலைகள் சிவந்தன. பங்குனியில் கடன் பேரேட்டில் தவணை தவறிய பெயர்களே மிகுந்திருந்தன. அங்கே நலிந்தது செடி மட்டுமன்று, சங்கமும் நலிந்தது.

எனவே நமது யோசனை இது: புதிய விதைக்குக் கடன் வழங்குமுன், ஓர் அங்கத்தினரின் புஞ்சையில் பத்து சென்டில் அதையும், அருகே பத்து சென்டில் பழகிய ரகத்தையும் ஒரு பருவம் சங்கச் செலவில் விதைத்துப் பார்க்கட்டும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்துக் குறித்து வைக்கட்டும். எடுத்த பஞ்சை நெசவாளர் சங்கத்தார் நூற்றுப் பார்த்துத் தம் கருத்தைக் கூறட்டும். போர்வைக்கும் துப்பட்டிக்கும் வேண்டிய தடித்த நூலுக்குக் கருங்கண்ணி இன்றும் தக்கதே. இருசாராரும் கூடி முடிவு செய்தபின் கடன் வழங்கினால், விதைத்தவரும் நெய்பவரும் நஷ்டமின்றி வாழலாம் என்பது நமது துணிபு.