சன்னலோரக் கசிவும் ஒரு பழைய வேதியியல் பாடமும்



எங்கள் வீட்டு மேற்குச் சன்னலில் அலுமினியச் சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் மூன்று வருடமாக மழைத்தண்ணீர் இறங்கியது. வருடாவருடம் கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் பூசினேன். அடுத்த கோடைக்குள் அதே இடத்தில் மயிரிழை விரிசல். போன ஐப்பசியில், கீழ் அலமாரியில் வைத்திருந்த உங்கள் குரூப் போட்டோக்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எட்டு படங்களைப் பிரிக்கவே முடியவில்லை. கொத்தனாரைத் திட்டினேன். உண்மையில் தப்பு, முப்பது வருடம் வேதியியல் நடத்திய என்மேல்தான்.

வெயிலில் அலுமினியம் சிமெண்ட் பூச்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரவில் சுருங்கும். தினமும் அசைகிற இடத்தில் அசையாத சிமெண்டை வைத்தால் அது விடத்தான் செய்யும். அங்கே தேவை, இழுத்தால் நீளும் அக்ரிலிக் சீலண்ட்.

அக்ரிலிக் என்றதும் கடினமான பலகைதான் ஞாபகம் வரும். அது பாலி மெத்தில் மெத்தாக்ரிலேட். சுமார் 105 டிகிரி வரை கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும். அதே குடும்பத்துப் பாலி பியூட்டைல் அக்ரிலேட் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் விறைக்கும். அதன் சங்கிலியில் பக்கவாட்டில் நாலு கார்பன் வால்கள் தொங்குகின்றன. டவுன் பஸ்ஸில் ஆளுக்கொரு பை வைத்திருந்தால் நெருங்கி நிற்க முடியாதல்லவா, அதுபோல சங்கிலிகள் விலகி நின்று நழுவுகின்றன. நீங்கள் நோட்டில் ஒட்டும் டேப்பின் பசையிலும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். (பன்னிரண்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்ச் தூங்கியது. பெயர் சொல்ல மாட்டேன்.)

கடைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சிலிக்கோனையே நீட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரண சிலிக்கோன் மேல் பெயிண்ட் பிடிக்காது. அக்ரிலிக் மேல் பிடிக்கும். வெயிலையும் தாங்கும், ஈரத்துணியால் கையைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு, குளியலறைத் தரைக்கோ தொட்டிக்கோ, இது வேண்டாம். அங்கே சிலிக்கோன்தான் சரி.

இது நீரில் கலந்த பால்மம். நீர் ஆவியானதும் கொஞ்சம் சுருங்கும், அதனால் அகலமான இடைவெளியில் இரண்டாவது முறையும் நிரப்ப வேண்டும். காய்வதற்குள் மழை பெய்தால் கரைந்து ஓடிவிடும். பழைய சிமெண்டைச் சுரண்டி, தூசியைத் துடைத்த பிறகே பூசுங்கள். நான் இந்தச் சித்திரையில் பூசினேன். ஆடி மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை.

1994 பேட்ச் குரூப் போட்டோ யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.