அம்மை அல்ல, மருந்தின் கோபம்!

மயிலாப்பூர் சகோதரி ஒருவர் எழுதுகிறார்:

"என் நாத்தனாருக்கு வலிப்புக்காகப் பெனிடாயின் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு கடும் ஜுரம். உடம்பெல்லாம் சிவந்து தடித்து, முகம் வீங்கிவிட்டது. அம்மை என்று எண்ணி மாமியார் வேப்பிலை செருகிவிட்டார். மாத்திரையும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து ஒவ்வாமை என்று ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். இப்போது ரத்தத்தில் ஏதோ வைரஸ் தலைகாட்டுகிறதாம். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாமே, அதை நிறுத்திவிடலாமா?"

நீங்களாக நிறுத்தவே கூடாது, சகோதரி. காரணம் சொல்கிறேன்.

கடிதத்தைப் பார்த்தால், டாக்டர்கள் சுருக்கமாக 'ட்ரெஸ்' என்று அழைக்கும் கோளாறு போலத் தோன்றுகிறது. பெயர்தான் உடுப்பைப் போல, குணம் பொல்லாதது. சாதாரண ஒவ்வாமை சில மணி நேரத்திலோ சில நாளிலோ தெரிந்துவிடும். இதுவோ இரண்டு முதல் எட்டு வாரம் வரை பதுங்கியிருந்து பாயும். தோலோடு நிற்காமல் கல்லீரல், சிறுநீரகம், இருதயம் வரை போகும். நூற்றில் பத்துப் பேர் வரை உயிரிழப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

அந்த வைரஸ் புதிதாக வந்த விருந்தாளி அல்ல. ஹெர்பிஸ் இனத்தில் ஆறாவது வகை, குழந்தைப் பருவத்திலேயே அநேகமாக எல்லோர் உடம்பிலும் குடியேறி உறங்குகிறது. சின்னம்மை கண்டவருக்குப் பல வருஷம் கழித்து அக்கி எழும்புகிறதல்லவா, அதே போல இதுவும் விழித்துக்கொள்கிறது. 1990களின் பிற்பகுதியில் பிரான்ஸ், ஜப்பான் டாக்டர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். ஸ்டீராய்டைத் தொடாத நோயாளிகளுக்கும் இது எழுவதுண்டு. ஆகவே பழி முழுவதையும் ஸ்டீராய்டின் தலையில் போடுவதற்கில்லை.

இந்த நோயில் உடம்பின் காவல் படையே வெறிகொண்டு சொந்த வீட்டை நொறுக்குகிறது. அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு. அடக்கும்போது சைட்டோமெகலோ போன்ற வேறு வைரஸ்கள் துணிவு பெறலாம் என்பது மெய்தான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பக்கூடும். அதனால்தான் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்கிறார்கள். வைரஸ் மிஞ்சினால் சைட்டோமெகலோவுக்குத் தனி மருந்து இருக்கிறது. மீண்டும் ஜுரம், மூச்சுத் திணறல், மலத்தில் ரத்தம் என்று எது கண்டாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். குணமான பிறகும் சில மாதங்களில் தைராய்டு கோளாறு வரலாம். அதற்கும் சோதனை வேண்டும்.

இனி அவர் பெனிடாயினை வாழ்நாளில் தொடக்கூடாது. அதன் உறவினரான கார்பமாஸிபைன், பினோபார்பிடோன் இரண்டும் ஆகாமல் போகலாம். மருந்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் இந்தச் சுபாவம் இருக்கக்கூடும். உங்கள் கணவரையும் டாக்டரிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கீல்வாயுவுக்குத் தரும் அல்லோபியூரினால், டாப்ஸோன், சல்பா மருந்துகளும் இப்படிச் செய்வதுண்டு. மாதவிலக்கு வலிக்கு நாமே கடையில் கேட்டு வாங்கும் மெபெனமிக் ஆஸிட் பற்றியும், இதே கோளாறைக் குறிப்பிட்டு 2023 நவம்பர் 30ல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விடுத்தது. பயந்து நடுங்க வேண்டாம், இது அபூர்வம்தான். ஆனால் புது மாத்திரை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் ஜுரமும் தடிப்பும் சேர்ந்து வந்தால், அம்மை என்று காத்திராமல் மாத்திரைச் சீட்டோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வலிப்பு மாத்திரையானால் அவர் வேறொன்று மாற்றித் தருவார். மருந்தால் வந்த தீங்கை 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம்.