வரலாற்றுப் பாடத்தில் புள்ளி எங்கே விழுகிறது?

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக்கு உரம் போடும் தாயார் ஒருவர் நம்மிடம் வந்து சொன்ன விவகாரம் இது. மகள் எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது பாடம் எழுதினாள். எட்டில் தேறிவிட்டாள். கணிதத்தில் 'ஏ' கூட இருக்கிறது. ஆனாலும் சான்றிதழ் கிடைக்கவில்லை. இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் சாமான் அடுக்குகிறாள்.

"வரலாறு ஒண்ணுதானேங்க போச்சு! எட்டுப் பாடம் பாஸ் பண்ண புள்ளைக்கு சிஜில் இல்லேன்னா, இது என்னா கணக்கு?"

கணக்கு இதுதான். வரலாற்றில் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் என்று 2010 அக்டோபரில் அப்போதைய கல்வி அமைச்சர் முகிதீன் யாசின் அறிவித்தார். 2013ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை தேசிய மொழி மட்டுமே அப்படி இருந்தது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் கையில் கிடைப்பது தேர்வு முடிவுத் தாள்தான், சான்றிதழ் அல்ல. மற்ற பாடங்களில் எத்தனை 'ஏ' இருந்தாலும் இதை ஈடு செய்யாது.

அந்தப் பெண் வேலை செய்யும் பெட்டாலிங் ஜெயாவே ஒரு காலத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டம்தான். 1950களின் தொடக்கத்தில் மரங்களை அழித்து ஊரை எழுப்பினார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வுக்காகவும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை எதிர்த்தும் வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் தோற்று நிற்கிறார்கள் என்றால் நமக்கு வயிறு எரியாதா?

பிள்ளை மக்கு என்று சொல்லிவிடுவது சுலபம். நாம் அப்படி நினைக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் வரலாற்றைத் தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் படிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு 2021இல் யு.பி.எஸ்.ஆர்., 2022இல் பி.டி.3 இரண்டையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது. அதன்பின் வந்த பிள்ளைகள் பலருக்கு எஸ்.பி.எம்.தான் வாழ்க்கையில் முதல் பொதுத்தேர்வாக அமைந்தது. தேர்வுத் தாளில் புள்ளி எப்படி விழுகிறது என்று பழகிப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

ஆகவே அதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் வரலாற்றுக்கு இரண்டு தாள். முதல் தாளில் நாற்பது கேள்வி, நாற்பது புள்ளி. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை கொடுத்திருப்பார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பான விடைக்குப் புள்ளி வெட்டமாட்டார்கள். எனவே தெரியாத கேள்வியையும் வெறுமனே விட்டுவரக் கூடாது. இரண்டாம் தாளுக்கு நூறு புள்ளி. அதில் சிறு சிறு கேள்விகளுக்கு நாற்பது, கட்டுரைக்கு அறுபது. நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் இரண்டு புத்தகத்திலிருந்தும் கேள்வி வரும். (2013 முதல் 2020 வரை மூன்றாம் தாள் ஒன்றும் இருந்தது. தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அது இப்போது கிடையாது. பழைய பயிற்சிப் புத்தகத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும்.)

நம் பிள்ளைகள் விழுவது கட்டுரையில்தான். "ரெண்டு பக்கம் எழுதினேன், ஆனா புள்ளி வரலை" என்கிறார்கள். பக்கத்தை யார் எண்ணுகிறார்கள்? செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர் காம்பில் தம்முடைய நம்பரை எழுதிப் பாதையோரம் வைக்கிறார். எண்ண வருகிறவர் குலையைத்தான் எண்ணுவார், வெட்டியவர் சிந்திய வியர்வையை எண்ணமாட்டார். தாள் திருத்துகிறவரும் அப்படித்தான். அவர் கையில் விடைத் திட்டம் இருக்கும். ஆசிரியர்கள் அதை 'ஸ்கீமா' என்பார்கள். அதில் உள்ள கருத்து, அல்லது அதற்கு ஏற்ற வேறு சரியான கருத்து தாளில் இருந்தால் ஒரு புள்ளி. அந்தக் கருத்தையே மூன்று விதமாக மாற்றி எழுதினாலும் ஒரே புள்ளிதான்.

ஆசிரியர்கள் 'பாக்தா, ஹுராயான், சொந்தோ' என்று சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். முதலில் செய்தி, பிறகு அதற்கு விளக்கம், பிறகு ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானியர் காலத்தில் மக்கள் பட்ட துன்பத்தை விளக்கு என்று கேட்டால், "மக்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள், அழுதார்கள், ஏங்கினார்கள்" என்று அரைப்பக்கம் எழுதினாலும் ஒரு புள்ளிக்கு மேல் தேறாது. உணவுப் பஞ்சம் வந்தது என்பது செய்தி. வெளியிலிருந்து அரிசி வருவது குறைந்தது என்பது விளக்கம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்பது எடுத்துக்காட்டு. மூன்றே வரியில் மூன்று கருத்து வந்துவிட்டது. அடுத்த பத்தியில் கட்டாய வேலை, சயாம் மரண ரயில் பாதை. இதெல்லாம் நம் லயத்துக் கிழவிகள் வாய்க்கதையாகச் சொன்ன விஷயம்தானே?

கேள்வியின் முதல் சொல்லையும் பார்க்கப் பழக்க வேண்டும். 'நியாத்தாக்கான்' என்றால் செய்தியை மட்டும் சொன்னால் போதும். 'தெராங்கான்', 'ஹுராய்க்கான்' என்றால் விளக்கமும் வேண்டும். 'நீலாய்க்கான்' என்று வந்தால் பிள்ளை தன் அபிப்பிராயத்தையும் அதற்குக் காரணத்தையும் எழுதியாக வேண்டும். மலாய் நடை கொஞ்சம் தடுமாறினாலும் கருத்து புரிந்தால் புள்ளி உண்டு. இது மொழிப்பாடம் அல்ல. ஆனால் ஆள் பெயரும் சட்டத்தின் பெயரும் தப்பாக இருந்தால் பிள்ளை எதைச் சொல்கிறது என்றே திருத்துகிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

தேர்ச்சிக்கு எத்தனை புள்ளி வேண்டும்? எல்லாரும் கேட்கும் கேள்வி இது. 'ஏ பிளஸ்' தொடங்கி 'இ' வரை தேர்ச்சி, 'ஜி' என்றால் தோல்வி. ஆனால் 'இ'க்கும் 'ஜி'க்கும் நடுவில் உள்ள கோடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தேர்வு வாரியம் பொதுமக்களுக்கு அறிவிப்பதில்லை. பள்ளித் தேர்வில் நாற்பது எடுத்தால் பாஸ் என்பதை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஏ.பி. என்ற வரலாற்றுத் தேர்வு எழுதுகிறார்கள். முடிவை ஒன்று முதல் ஐந்து வரை கொடுக்கிறார்கள். அங்கே ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரைக்கு ஏழு புள்ளி. அந்த ஏழும் எதற்கு எதற்கு என்பதை அச்சிட்டு எல்லாருக்கும் தெரியும்படி வைக்கிறார்கள். சான்றிதழையே ஒரு பாடத்தின் மேல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் நம் நாட்டில் அதைச் செய்தால் என்ன கெட்டுவிடும்? தொழிற்சங்கத் தலைவர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதைக் கேட்டாக வேண்டும். டியூஷனுக்குக் காசு கொடுக்க முடிந்தவன் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பிரட்டுக்கு ஓடுகிறவன் வீட்டுப் பிள்ளைக்கு யார் சொல்வது?

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாநில அளவில் நடக்கும் முன்தேர்வின் விடைத் திட்டம் பள்ளி ஆசிரியர்களிடம் இருக்கும். பிள்ளையை அதைக் கேட்டு வாங்கி, தான் எழுதிய விடையோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே புள்ளி போனது என்று அப்போது கண்ணுக்குத் தெரியும்.

ஆறாம் படிவத்துக்குப் போன பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு. எஸ்.டி.பி.எம். 2012 முதல் மூன்று பருவமாக நடக்கிறது. அதில் 'ஏ'க்கு 4.00 என்று தொடங்கி 'சி'க்கு 2.00 என்று இறங்கும். அங்கேயும் வரலாறு உண்டு, ஆனால் விரும்பினால் மட்டும் எடுக்கலாம்.

அந்தத் தாயாரிடம் நாம் இரண்டு விஷயம் சொன்னோம். முடிவில் சந்தேகம் இருந்தால் வெளியான முப்பது நாளுக்குள் மறுபார்வைக்கு மனுச் செய்யலாம். அந்தக் கெடு அவருக்குத் தாண்டிவிட்டது. மற்றொன்று மறுதேர்வு. 'எஸ்.பி.எம். உலாங்கான்' என்பார்கள். வரலாற்றை மட்டும் திரும்ப எழுதித் தேறினால் சான்றிதழ் கைக்கு வரும், மற்ற எட்டுப் பாடத்தையும் தொட வேண்டியதில்லை. பள்ளியிலோ மாநிலக் கல்வி இலாகாவிலோ பதிவுத் தேதியை விசாரிக்க வேண்டும்.

"இது ஒருத்தரும் சொல்லலையேங்க" என்றார் அந்த அம்மா. வேலைக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் உர வாடை இன்னும் போகவில்லை. மகளின் பழைய வரலாற்றுப் புத்தகங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டோம். நான்காம் படிவத்துப் புத்தகம் இருக்கிறதாம். ஐந்தாம் படிவத்துப் புத்தகத்தைத் தேட வேண்டும் என்றார்.