கல்லீரலைக் காப்பாற்றப் போய் கிட்னியைத் தொலைப்பவர்கள்

மெடிக்கல் ஷாப்பில் போய் "அண்ணே, முதுகு வலி, ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் டாக்டர் சீட்டு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அட்டையைக் கத்தரியால் நறுக்கி நாலு மாத்திரை கைக்கு வரும். மருந்தின் பெயர் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும். டைக்ளோஃபெனாக் என்பது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' மருந்து. அட்டையிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள். கத்தரிக்குப் படிக்கத் தெரியாதே!

இதுவரை எல்லோரும் பார்த்த கதைதான். கொடுமை என்னவென்றால், வாங்க வந்தவர் "எனக்கு லிவர் சுருக்கம்னு சொல்லியிருக்காங்கண்ணே" என்று உண்மையைச் சொன்னாலும் தப்பிக்க முடிவதில்லை. "அப்படின்னா பாராசிட்டமால் வேணாம், அது லிவரை அடிச்சிடும், இதைப் போடுங்க" என்று அதே டைக்ளோஃபெனாக்கை, இல்லாவிட்டால் அசெக்ளோஃபெனாக்கை நீட்டுகிறார்கள். கடைக்காரர் மட்டுமா? பக்கத்து வீட்டு அத்தை, ஆபீஸ் நண்பர், ஏன், சில டாக்டர்களே இப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த யோசனை முழுக்க முழுக்கத் தலைகீழ்.

கல்லீரல் சுருங்கியவரின் உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே இழுபறியில்தான் இருக்கும். அந்த ஓட்டத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன், அசெக்ளோஃபெனாக் எல்லாம் வேலை செய்வதே இந்தப் பொருளை உடம்பு தயாரிக்கவிடாமல் தடுத்துத்தான். வலி குறையும், வாஸ்தவம். முட்டும் சேர்ந்து போய்விடும். சிறுநீர் குறையும், வயிற்றில் நீர் ஏறும், நீர் இறங்கக் கொடுத்த மாத்திரை வேலை செய்யாமல் போகும். கடைசியில் கிட்னி நின்றே போகலாம். இது போதாதென்று, இந்த நோயாளிகளில் பலருக்கு உணவுக் குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைவாக இருக்கும். அங்கே போய் வயிற்றைப் புண்ணாக்கும் மாத்திரையைப் போட்டால்?

பாராசிட்டமாலுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அளவு மீறினால் நல்ல கல்லீரலையே அது கொன்றுவிடும். ஆனால் 'அளவு மீறினால்' என்ற பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் என்று வரம்பு போட்டு மருத்துவர்கள் கொடுக்கும் வலி மருந்து அதுதான். 500 மி.கி. மாத்திரை என்றால் நாலு, 650 என்றால் மூன்று, அதுவும் நாள் முழுக்கப் பிரித்து. குடிப்பவர்களுக்கும் உடம்பு மெலிந்து சாப்பாடு இறங்காதவர்களுக்கும் இதிலும் குறைக்க வேண்டும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வெறும் கொழுப்புக் கல்லீரல் உள்ளவரின் கணக்கு வேறு, அதையும் இதையும் குழப்பக் கூடாது.

இதைவிடப் பெரிய மோசடி கலவை மாத்திரை. அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால், தசை இறுக்கத்துக்குக் குளோர்சாக்சசோன் என்று மூன்றையும் ஒன்றாக அமுக்கி விற்கிறார்கள். குளோர்சாக்சசோன் அபூர்வமாகக் கல்லீரலையே தாக்கக்கூடியது. இதை முழுங்கியவர் காய்ச்சலுக்கு என்று தனியாக ஒரு 650-ம் போடுவார். பாராசிட்டமால் இரண்டு வழியில் உள்ளே போவது அவருக்குத் தெரியாது. பெயர் இருந்த பக்கம்தான் கடையில் இருக்கிறதே.

(கொசுறு: மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இனத்தையே அழிக்கப் பார்த்தது. 2006-ல் இந்தியா கால்நடை டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மனிதன் கழுகு அல்ல, அந்த அளவுக்குப் பலவீனமானவனும் அல்ல. ஆனாலும் கழுகுக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசி கவுண்டரில் நிற்பவனுக்குக் கிடைத்திருக்கலாம்.)

டாக்டர்களையும் விட்டுவிட முடியாது. கல்லீரல் டாக்டர் "வலி மாத்திரையே தொடாதீங்க" என்று அனுப்பிவிடுகிறார். வேறு என்ன செய்வது? பதில் இல்லை. எலும்பு டாக்டர் கல்லீரலைப் பற்றிக் கேட்காமலே எழுதித் தருகிறார். நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்திருப்பவரும் மூட்டை தூக்குபவரும் வலியோடு எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்? 'தொடாதே' என்று மட்டும் சொல்வது நோயாளியைக் கத்தரி வைத்திருப்பவரிடம் தள்ளிவிடுவதுதான். டிரமடால் போன்றவற்றுக்குத் தாவுவதும் ஆபத்து. மலச்சிக்கல், மயக்கம், அதிலிருந்து மூளைக் குழப்பம் வரை இழுத்துக்கொண்டு போகும்.

நாள்பட்ட முதுகு வலிக்கு எந்த மாத்திரையும் பெரிதாக உதவுவதில்லை என்ற உண்மையை யாரும் சொல்வதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சி, பிசியோதெரபி, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது ஆகியவற்றுக்கு முக்கிய இடம் தந்தது. 'அதற்கெல்லாம் ஏழைக்கு ஏது நேரம், ஏது காசு' என்பார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியைச் சேர்த்தார்களே, ஏழைக்காகத்தானே?

இன்னொன்று. கல்லீரல் நோய் எலும்பையும் அரிக்கும். தும்மியதில் முதுகெலும்பு நொறுங்கியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வலியை மாத்திரை போட்டு அடக்கினால் முறிவு தெரியாமலே போகும். முதுகு வலியோடு காய்ச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல், கறுப்பு மலம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

டிஸ்சார்ஜ் சம்மரி பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் அடிக்கிறார்கள். முதல் பக்கத்தில், தமிழில், கொட்டை எழுத்தில், எந்த வலி மாத்திரை எத்தனை, எது கூடவே கூடாது என்று இரண்டு வரி எழுதித் தர எவ்வளவு மை செலவாகும்?